படுக்கை 8 மணி நேரம், தூக்கம் ஐந்தரை மணி நேரம்: ஒரு சென்னை ஆய்வின் கதை

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்காவிடம், "என்னக்கா, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு?" என்று காலையில் கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான். "படுத்தது என்னமோ பத்து மணிக்குத்தான் தம்பி. எங்க தூங்கினேன்? கோழித் தூக்கம்தான்."

கோழித் தூக்கம் என்பது எவ்வளவு துல்லியமான சொல் என்று யோசித்துப் பாருங்கள். கோழி கண்ணை மூடும். எங்காவது இலை அசைந்தால் திறக்கும். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மறுபடி மூடும். விடிய விடிய படுத்திருந்தது என்னவோ உண்மை, தூங்கியது எவ்வளவு என்று அதற்கே தெரியாது. படுத்திருக்கும் நேரம் வேறு, தூங்கும் நேரம் வேறு என்பதை அந்த அக்கா ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார். அதையே 452 பேரின் மணிக்கட்டில் கருவி கட்டி, நிமிடக் கணக்கில் அளந்து பார்த்த ஓர் ஆய்வு நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. நகரமும் தூக்கமும் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குக் கிடைக்கவில்லை.

பெத்ரோ பெஸோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா என்ற ஐந்து பொருளாதார ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த ஆய்வு இது. 2021-ல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் இதழில் வெளியானது. தூக்க ஆய்வு என்றால் மருத்துவமனை, தலையெல்லாம் ஒயர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் என்றுதான் நமக்குத் தோன்றும். இவர்கள் வேறு வழியில் போனார்கள். சென்னையில் குறைந்த வருமானத்தில் வாழும் பெரியவர்களைத் தேர்ந்தெடுத்து, ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் டேட்டா என்ட்ரி வேலை கொடுத்தார்கள். எவ்வளவு அடிக்கிறார்களோ அவ்வளவு கூலி. இரவில் அவரவர் வீட்டில் அவரவர் பாயில்தான் தூக்கம். மணிக்கட்டில் மட்டும் ஒரு பட்டை.

அந்தப் பட்டைக்கு ஆக்டிகிராஃப் என்று பெயர். பார்க்கக் கைக்கடிகாரம் மாதிரி இருக்கும். உள்ளே அசைவை உணரும் சில்லு. கை அசையாமல் இருந்தால் தூக்கம், அசைந்தால் விழிப்பு என்று நிமிடத்துக்கு நிமிடம் கணக்கு வைத்துக்கொள்ளும். மூளை அலைகளை அது பார்ப்பதில்லை. ஆழ்ந்த தூக்கமா, கனவுத் தூக்கமா என்றெல்லாம் சொல்லாது. கண்ணைத் திறந்துகொண்டு கட்டைபோல் கிடக்கிறவரையும் தூங்குகிறார் என்றே எழுதிக்கொள்ளும். ஆனாலும் "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?" என்று வாயால் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல். நம் தூக்கத்தைப் பற்றி நாமே சொல்லும் சாட்சியம் ரொம்ப பலவீனமானது. தூங்கும்போது நாம் அங்கே இல்லையே.

கருவி சொன்ன கணக்கு இது. படுக்கையில் இருந்த நேரம் சராசரியாக 8 மணி. அதில் தூங்கியது ஐந்தரை மணி. படுத்த நேரத்தில் எத்தனை சதவீதம் தூக்கமாக மாறியது என்பதைத் தூக்கத் திறன் என்கிறார்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அது 85 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வழக்கமாக வைத்திருக்கும் கோடு. இங்கே 70-ஐத் தொடவே திணறுகிறது. தூக்கமின்மை நோயாளிகள், தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாளிகள் ஆகியோரிடம் பார்க்கும் அளவு இது. இந்த 452 பேரோ நோயாளிகளாக வந்தவர்கள் இல்லை. வேலை தேடி வந்தவர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நகர வாழ்க்கை தூக்கத்தைக் கெடுக்கிறது என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். செல்போன், ஓடிடி, நள்ளிரவு பிரியாணி, வேலை டென்ஷன் என்று கையோடு ஒரு பட்டியலும் தருவார்கள். அந்தப் பட்டியல் பெரும்பாலும் தனி அறையும் ஏசியும் கதவுக்குத் தாழ்ப்பாளும் உள்ளவர்களின் பட்டியல். படுக்கவேண்டிய நேரத்தில் படுக்காதவர்களின் பிரச்சினை அது. சென்னை ஆய்வில் வந்தவர்கள் நேரத்துக்குப் படுத்துவிட்டார்கள். 8 மணி நேரம் தூக்கத்துக்காகவே ஒதுக்கியும் விட்டார்கள். அதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்ய முடியும்? அவர்கள் ஒதுக்கிய நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

யார் என்று பார்க்க, வடசென்னையில் ஒரு சந்துக்குள் இரவு பதினோரு மணிக்குப் போனால் போதும். பத்துக்குப் பத்து அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே பீரோ, அதிலேயே டிவி. ஐந்து பேர் வரிசையாகப் படுத்தால் கடைசி ஆளின் கால் வாசற்படியைத் தொடும். ஒருவர் புரண்டால் மற்ற நான்கு பேரும் கொஞ்சம் நகர வேண்டும். நடுச்சாமத்தில் சிறுநீர் கழிக்கப் போகிறவர் மூன்று பேரைத் தாண்டி, லைட்டைப் போட்டு, பொதுக் கழிப்பறைக்கு நடந்துவிட்டு வர வேண்டும். அந்த ஒரு ஆளின் விழிப்பு ஐந்து பேரின் விழிப்பு. அப்புறம் மேலே கூரை.

அந்தக் கூரையைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். சென்னையில் மே மாத இரவுகளில் குறைந்தபட்ச வெப்பநிலையே 28 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அது வெட்டவெளியில், வானிலை நிலையத்துக் கூண்டுக்குள் வைத்து அளந்தது. அறைக்குள் கதை வேறு. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்திருக்கும். பொழுது சாய்ந்ததும் அதை மெல்ல மெல்லக் கீழே விடும். இரவு ஒரு மணிக்கு எழுந்து மேல் தளத்தில் கை வைத்துப் பார்த்தால் இட்லிப் பானை மூடியைத் தொட்டது போல இருக்கும். சீலிங் ஃபேன் அந்தச் சூட்டைத்தான் அள்ளி நம் தலையில் கொட்டுகிறது. சாயங்காலம் மொட்டை மாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுவது நம் ஊர்க்காரர்கள் பட்டறிவால் கண்ட வைத்தியம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டுக்கு அதுவும் பெரிதாக உதவாது. நான்கு மாடிக் குடியிருப்பில் கீழ்வீட்டுக்காரருக்கோ மாடி என்று ஒன்றே சொந்தமில்லை.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், தூக்கம் என்பது உடல் குளிர்வதோடு கட்டப்பட்ட விஷயம். இரவில் நம் உள்ளுடல் வெப்பநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்க வேண்டும். அதற்காகவே உடல் கை கால்களுக்கு ரத்தத்தை அதிகமாக அனுப்பி, தோல் வழியாகச் சூட்டை வெளியேற்றுகிறது. தூக்கம் வரும் நேரத்தில் குழந்தையின் உள்ளங்கையும் பாதமும் கதகதப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இது. வெளிக்காற்றே சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் அந்தச் சூடு எங்கே போகும்? வியர்வை வரும், ஆனால் காயாது. கனவு வரும் தூக்க நிலையில் வியர்ப்பது, நடுங்குவது போன்ற உடலின் வெப்பக் கட்டுப்பாடே பெருமளவு தளர்ந்துவிடுகிறது. அதனால் சூட்டில் அந்த நிலை நீடிக்காமல் உடல் விழித்துக்கொள்கிறது. நமக்கு அது "புரண்டு படுத்தேன்" என்று மட்டும் நினைவிருக்கும். பல சமயம் அதுகூட இருக்காது.

68 நாடுகளில் 47,000-க்கும் மேற்பட்டவர்களின் கைப்பட்டைத் தரவுகளை வைத்து 2022-ல் வெளியான ஓர் ஆய்வும் இதையேதான் சொன்னது. இரவு வெப்பம் கூடக் கூடத் தூக்கம் குறைகிறது. வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் ஏழை நாடுகளில் உள்ளவர்களுக்கும் இழப்பு கூடுதல். ஆனால் அது காசு கொடுத்துக் கைப்பட்டை வாங்கிக் கட்டிக்கொண்டவர்களின் தரவு. நம் பத்துக்குப் பத்து அறைக்காரர்கள் அந்தக் கணக்கில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சத்தம். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. பகலுக்கு 55. காகிதத்தில் நல்ல விதி. ஒருமுறை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் படுக்கையில் இருந்தபடியே காதில் விழுந்ததை எண்ணிப் பார்த்தேன். ரிவர்ஸ் எடுக்கும் காரிலிருந்து ஒரு சினிமாப் பாட்டு மெட்டு. நாய்ச் சண்டை. சைலன்சர் கழற்றிய பைக் ஒன்று. எதிர் வீட்டில் கூலர். பின்பக்கம் கட்டடத்தில் ஜல்லி கொட்டும் லாரி, ஏனென்றால் பகலில் கனரக வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். ஆடி மாதமாக இருந்தால் இத்தோடு கூழ் ஊற்றும் அறிவிப்பும் சேர்ந்துகொள்ளும். எல்லாம் பத்து நிமிடத்துக்குள்.

"எல்லாம் பழகிப்போச்சு சார்" என்பார்கள். பாதி உண்மைதான். தண்டவாளம் ஓரம் குடியிருப்பவர்கள் ரயிலுக்கு எழுந்து உட்காருவதில்லை. ஆனால் காதுக்கு இமை கிடையாது. தூங்கும் மூளையும் சத்தத்தை வாங்கிக்கொண்டேதான் இருக்கிறது. எழுந்தது நினைவில் இல்லாத இரவிலும், சத்தம் வரும்போதெல்லாம் இதயத் துடிப்பு ஒரு முறை துள்ளி அடங்குகிறது. பழகியது மனசு. உடம்பு பழகவில்லை. இரவுச் சத்தத்தை இதய நோய்களோடு சேர்த்து உலக சுகாதார நிறுவனம் பேசுவது இதனால்தான். ஐரோப்பாவுக்காக 2009-ல் அது வெளியிட்ட வழிகாட்டியில் வீட்டுக்கு வெளியே இரவுச் சத்தம் ஆண்டுச் சராசரியாக 40 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய டேபிள் ஃபேனே அதைத் தாண்டிவிடும்.

வெளிச்சத்தையும் விட்டுவிட முடியாது. நம் கண்ணில் பார்ப்பதற்கு என்று இல்லாமல், பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அவை நீல நிற ஒளிக்கு அதிகம் அசைந்துகொடுப்பவை. நீலம் விழுந்தால் "இன்னும் பொழுது சாயவில்லை" என்று செய்தி போகும், தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகும். முன்பு நம் தெருக்களில் எரிந்தது சோடியம் விளக்கு. மஞ்சள் வெளிச்சம், நீலம் குறைவு. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த இடத்துக்கு வெள்ளை எல்.இ.டி. வந்துவிட்டது. மின்சாரம் மிச்சம், தெருவும் பளிச்சென்று இருக்கிறது, இரவில் நடந்து வரும் பெண்களுக்குப் பாதுகாப்பு. இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜன்னலுக்கு நேரே அந்தக் கம்பம் இருக்கும் வீட்டில் கொஞ்சம் படுத்துப் பாருங்கள். ஜன்னலை மூடினால் காற்று இல்லை, திறந்தால் நிலா இல்லாத பௌர்ணமி. ஜன்னலைத் திறந்தால் கொசுவும் வரும் என்பதைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கூவமும் பக்கிங்காம் கால்வாயும் வளர்த்துவிடும் கொசு அது. ஃபேன் ஓடும்வரை அது சுவரில் காத்திருக்கும். கரண்ட் போன மறுநிமிடம் காதோரம் வந்து பாடும்.

கடைசியாகத் தண்ணீர். அதிகாலை நான்கு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தால், அந்தத் தெருவில் நான்கு மணிக்கு எல்லாப் பெண்களும் விழித்திருப்பார்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது லாரி எப்போது வரும் என்று தெரியாமல் காலிக் குடத்தோடு நடுராத்திரியில் வரிசையில் நின்றவர்களை நகரமே பார்த்தது. தூக்கம் கெடக் காரணம் தண்ணீர் என்று எந்தத் தூக்க மருத்துவப் பாடத்திலும் பெரிதாக இருக்காது. இங்கே அது முதல் காரணங்களில் ஒன்று.

சரி, ஆய்வுக்கு வருவோம். தூக்கத்தை அளந்ததோடு அவர்கள் நிற்கவில்லை. அதைக் கூட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதுதான் அவர்களின் உண்மையான கேள்வி. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி ஆட்களைப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குத் தூக்கத்தின் நன்மைகளைச் சொல்லிக்கொடுத்து, நேரத்துக்குப் படுங்கள் என்று ஊக்கப்படுத்தி, வீட்டுக்கு மெத்தை, தலையணை, படுக்கை விரிப்பு, டேபிள் ஃபேன், கண் மறைப்பு, காதடைப்பான் என்று கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு இவற்றோடு, கூடுதலாகத் தூங்கும் நேரத்துக்குக் காசும் கொடுத்தார்கள். தூங்கினால் சம்பளம்! கேட்கும்போதே கொட்டாவி வருகிறது. மற்றொரு பிரிவு எந்த மாற்றமும் இல்லாமல் பழையபடி இருந்தது. இது மூன்று வாரம் நடந்தது.

முடிவு தெரிவதற்கு முன்பே தூக்க ஆராய்ச்சியாளர்களிடமும் பொருளாதார அறிஞர்களிடமும் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டு வைத்தார்கள். இந்தப் பழக்கம் எல்லா ஆய்விலும் இருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கம். வேலைத்திறன் நன்றாகக் கூடும் என்பதுதான் நிபுணர்களின் கணிப்பு. யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஐந்தரை மணி நேரம் தூங்குகிறவனுக்கு இன்னும் அரை மணி நேரம் கொடுத்தால் பலன் தெரியாமலா போகும்?

தூக்கம் 27 நிமிடம் கூடியது. மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை. தட்டச்சு வேகமோ கவனமோ முடிவெடுக்கும் திறனோ மன நிம்மதியோ, எதிலும் கண்டுபிடிக்கக்கூடிய முன்னேற்றம் இல்லை. மாறாக, வேலை நேரம் கொஞ்சம் குறைந்துபோனது. படுக்கைக்குப் போன நேரம் எங்கிருந்தாவது வரவேண்டுமே.

இந்த 27 நிமிடத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். இதைச் சம்பாதிக்க அவர்கள் சராசரியாக 38 நிமிடம் கூடுதலாகப் படுத்திருக்கிறார்கள். 38-ல் 27 என்றால் எவ்வளவு? 71 சதவீதம். அதாவது, பழைய தூக்கத் திறனை விட்டு அசையவே இல்லை. மெத்தை வந்தும், ஃபேன் வந்தும், காதில் அடைப்பான் வைத்தும் தூக்கத்தின் தரம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதே கோழித் தூக்கம்தான், இன்னும் அரை மணி நேரம் கூடுதலாக. கிழிந்த துணியில் இன்னும் ஒரு முழம் கொடுத்த மாதிரி.

தூக்கம் துண்டு துண்டாக இருப்பதால்தான் கூடுதல் நேரம் பலன் தரவில்லையோ என்று ஆய்வாளர்களே யோசிக்கிறார்கள். மூன்று வாரம் போதாது என்று ஒருவர் வாதிடலாம். ஆறு மணி நேரமும் போதாது, ஏழு எட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் தெரிந்திருக்கும் என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டையும் ஒதுக்கிவிட முடியாது. என் கட்சி, தூக்கம் துண்டு துண்டாக இருப்பதுதான் காரணம் என்ற முதல் விளக்கத்தின் பக்கம். ஆய்வாளர்கள் அறைக்குள் கொடுக்க முடிந்ததைக் கொடுத்தார்கள். தூக்கத்தை வெட்டுகிறது அறைக்கு வெளியே இருக்கிறது. கூரை, தெரு, லாரி, குழாய் இவற்றில் எதையும் மூன்று வாரத்தில் ஒரு பொருளாதார ஆய்வு மாற்ற முடியாது. காதடைப்பானைக் கொடுக்கலாம். கைக்குழந்தையைப் பக்கத்தில் போட்டிருக்கும் தாய் அதைக் காதில் வைப்பாரா? டேபிள் ஃபேன் கரண்ட் போனால் நின்றுவிடும். கண் மறைப்பு கட்டிக்கொண்டு வரிசையாகப் படுத்திருக்கும் ஒரு குடும்பத்தை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை. வீட்டுக்காரர் முதல் நாளே கிண்டல் செய்து கழற்ற வைத்திருப்பார்.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு ஆய்வு உண்டு. தான்சானியாவின் ஹட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே ஆகிய மூன்று மக்கள் கூட்டங்கள் மின்சார வெளிச்சம் இல்லாமல் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் சிறிது பயிர் செய்தும் வாழ்பவர்கள். 2015-ல் அவர்கள் கையிலும் இதே வகைப் பட்டையைக் கட்டிப் பார்த்தார்கள். பழங்கால மனிதன் போல இவர்கள் பத்து மணி நேரம் தூங்குவார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். 5.7 முதல் 7.1 மணி நேரம்தான் தூங்கினார்கள். இருட்டியதும் படுப்பதும் இல்லை. சூரியன் மறைந்து மூன்று மணி நேரத்துக்கும் மேல் பேசிக்கொண்டிருந்துவிட்டுத்தான் தூங்கப் போகிறார்கள். இதை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, நகரம் ஒன்றும் தூக்கத்தைக் கெடுக்கவில்லை" என்று எழுதியவர்களும் உண்டு. மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் படுத்த நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அவர்கள் தூங்கினார்கள். தூக்கம் வருவதும் போவதும் சூரியனைவிடக் காற்றின் குளிர்ச்சியை ஒட்டியே நடந்தது. இரவுக் காற்று குளிர்ந்துகொண்டே போகும்போது தூங்கி, அதிகக் குளிர் வந்த வேளையை ஒட்டி எழுகிறார்கள். வெட்டவெளி அவர்களுக்குக் கொடுக்கும் அந்தக் குளிர்ச்சியைத்தான் வடசென்னை வியாசர்பாடிக் கூரை இரவு முழுவதும் பிடித்து வைத்துக்கொண்டு விட மறுக்கிறது.

சென்னை ஆய்வில் இன்னொரு பாதி பாக்கி இருக்கிறது. எனக்குப் பிடித்த பாதியும் அதுதான். மேலே சொன்ன பிரிவுகளோடு சேர்த்து, சிலருக்கு மட்டும் மதியம் வேலை இடத்திலேயே அரை மணி நேரம் தூங்க ஏற்பாடு செய்தார்கள். அமைதியான இடம், படுக்கை, தலையணை, ஃபேன். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்று நம் பழமொழி சொல்வது உடலியல் உண்மைதான். மதியம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடலின் உள் கடிகாரம் கொஞ்சம் தளரும் நேரம் அது. அரை மணி நேரத்தில் கண் அசந்தது அதில் பாதிதான் இருக்கும்.

அந்தச் சொற்பத் தூக்கம், இரவின் 27 நிமிடம் செய்யாததைச் செய்தது. வேலைத்திறன் கூடியது, கவனம் கூடியது, மன நிலை மேம்பட்டது. எல்லா அளவுகளையும் சேர்த்த குறியீடு 0.12 திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் இருக்கும் வழக்கமான வித்தியாசத்தை அளக்கும் அலகு) உயர்ந்தது. பிரமாண்டம் இல்லை. ஆனால் மூன்று வார மெத்தையும் ஊக்கப் பணமும் சேர்ந்து பூஜ்யத்தில் நின்றபோது, மதியப் பாய் ஒன்று ஊசியை நகர்த்தியிருக்கிறது. நேரம் குறைவாக இருந்தும் இது பலித்ததற்குக் காரணம் இடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரும் தாண்டிப் போகாத, கொசு கடிக்காத, லாரி வராத அரை மணி நேரம் அது. சில பேருக்கு 24 மணி நேரத்தில் கிடைத்த ஒரே இடையூறு இல்லாத தூக்கமாகவும் இருந்திருக்கலாம்.

இதில் ஒரு கணக்கு இடிக்கிறது. கூலி, அடித்த அளவுக்கு. அரை மணி நேரம் தூங்கினால் அந்த அரை மணி நேரம் கூலி இல்லை. சும்மா ஓய்வெடுத்தவர்களோடு ஒப்பிட்டால் தூங்கியவர்கள் கை மேலேதான் இருந்தது. அந்த நேரத்திலும் வேலை பார்த்தவர்களோடு ஒப்பிட்டால் தூங்கியவர்களின் வருமானம் குறைவு. எழுந்த பிறகு வேகமாக அடித்தாலும் போன அரை மணி நேரத்தை முழுசாக ஈடுகட்ட முடியவில்லை. ஆக, தூக்கத்தின் பலன் நிஜம், ஆனால் அதற்கான செலவைத் தூங்குகிறவரே தன் கூலியிலிருந்து கொடுக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் நாற்காலியில் சாய்ந்து பத்து நிமிடம் கண்ணை மூடினால் அதற்குப் பணம் கொடுப்பது கம்பெனி. துண்டு வேலைக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. மதியத் தூக்கம் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் அது விலை கூடுதலாக இருக்கிறது.

இரவை நகரம் எடுத்துக்கொண்டது, பகலைக் கூலி எடுத்துக்கொண்டது. இதில் "தூக்கப் பழக்கத்தை மேம்படுத்துங்கள்" என்று ஏழைக்கு அறிவுரை சொல்வதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அறிவுரை சொல்லி, காசும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டதே. அவர்கள் சொன்னபடி சீக்கிரம் படுத்தும் பார்த்துவிட்டார்கள்.

2021-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டத் திருத்தம் வந்தது நினைவிருக்கலாம். கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம். ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்கள் பத்து மணி நேரம் நின்றதற்கு அப்புறம், உட்காருவது ஓர் உரிமை என்று சட்டம் எழுதவே அவ்வளவு காலம் ஆனது. படுப்பது பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை.

என் வீட்டுக்கு எதிரே ஒரு அபார்ட்மெண்ட் எழும்பிக்கொண்டிருக்கிறது. பகல் ஒரு மணி வாக்கில் கலவை இயந்திரம் நிற்கும். சாப்பிட்டு முடித்ததும், ஜன்னல் வைக்காத இரண்டாவது மாடியில் வேலைக்காரர்கள் வரிசையாகச் சாய்வார்கள். கீழே காலி சிமெண்ட் சாக்கு, தலைக்கு மடித்த சட்டை, முகத்தின் மேல் துண்டு. நாலு பக்கமும் திறந்த மாடி என்பதால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். இரண்டு நிமிடத்தில் அசந்துவிடுவார்கள். கீழே ஹாரன் அடிக்கிறது, யாரும் அசைவதில்லை. ஒன்றே முக்காலுக்கு மேஸ்திரி படியேறி வந்து, முதலில் படுத்திருப்பவரின் பாதத்தைத் தன் செருப்பு நுனியால் மெல்லத் தட்டுவார். அவர் பக்கத்து ஆளைத் தட்டுவார். கடைசி ஆள் எழுந்து துண்டை உதறும்போது கீழே கலவை இயந்திரம் சுற்ற ஆரம்பித்திருக்கும்.